ஆர்பிஎம் இறங்கினால் எங்கே தொடங்குவது? கார்புரேட்டர் உள்ள விமான இன்ஜினுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஜூன் பிறந்துவிட்டால் பெங்களூரு ஜக்கூர் விமானத்தள ஹேங்கரில் ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கும். "டவுன்விண்ட்ல (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டம்) ஆர்பிஎம் தானா இறங்குச்சு சார்." "ஃபைனல்ல (இறங்கும் கடைசிக் கட்டம்) கொஞ்சம் திணறுச்சு, இறங்கினதும் சரியாயிடுச்சு." உடனே பிளக்கைக் கழற்றுவார்கள், மேக்னட்டோவைச் (பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) சந்தேகிப்பார்கள். தரையில் ஓட்டிப் பார்த்தால் எந்தக் குறையும் இருக்காது. கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அந்த வாரமே அதே புகார் திரும்பி வரும்.

கார்புரேட்டருக்குள் கட்டும் ஐஸ் தடயம் வைப்பதில்லை. விமானம் இறங்கி, டாக்ஸி செய்து, நாம் கௌலிங்கைத் (இன்ஜினை மூடும் தகடு) திறப்பதற்குள் உருகிப் போயிருக்கும். அதனால் இந்த வேலையில் ஸ்பேனரைவிடக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

"நம்ம ஊர்ல எங்க சார் ஐஸ்?" என்று ஒவ்வொரு புது பேட்ச்சிலும் ஒருவர் கேட்பார். பெட்ரோல் ஆவியாவதாலும் வென்ச்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்து) காற்றின் அழுத்தம் குறைவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 30 டிகிரிக்கு மேலும் சரியலாம். வெளியே 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 50 சதவீதம் என்ற நிலையில்கூட ஐஸ் கட்ட வாய்ப்புண்டு என்றே பயிற்சிக் கையேடுகள் சொல்கின்றன. மழைக்காலக் காலையில் பெங்களூரு இருப்பது 20, 22 டிகிரியில். பனிநிலைப் புள்ளி, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை, அதற்குச் சற்றுக் கீழே. ஐஸ் கட்டுவதற்கு இதைவிடத் தோதான ஊர் தேட வேண்டியதில்லை. டெல்லியின் டிசம்பருக்குப் பயப்படுகிறவர்கள் நம் ஆகஸ்ட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கீழே சொல்வது லைகமிங், கான்டினென்டல் போன்ற கார்புரேட்டர் இன்ஜின்களுக்கு: செஸ்னா 150, 152, பழைய 172, செரோக்கி வகையறா. உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. பயிற்சி விமானிகள் செய்யக்கூடிய சோதனை எது, லைசென்ஸ் உள்ள ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) மட்டும் தொட வேண்டியது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## கௌலிங்கைத் திறக்கும் முன் விமானியிடம் கேட்க வேண்டியவை

எந்த பவரில் இருந்தீர்கள்: க்ரூஸா, இறக்கமா, ஐட்லா? ஆர்பிஎம் மெதுவாக நழுவியதா, சட்டென்று விழுந்ததா? கார்ப் ஹீட் (எக்ஸாஸ்ட்டில் சூடான காற்றைக் கார்புரேட்டருக்கு விடும் நாப்) இழுத்தீர்களா, இழுத்த பிறகு என்ன நடந்தது? எந்த டேங்கில் ஓடிக்கொண்டிருந்தது, கிளம்பி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? முந்தின இரவு விமானம் வெளியே மழையில் நின்றதா?

இவற்றில் மூன்றாவது கேள்விக்கான பதில்தான் பாதி நோயைச் சொல்லிவிடும். ஆனால் "இழுத்தேன் சார்" என்பதோடு விட்டுவிடக் கூடாது. பாதி இழுத்தாரா, முழுக்க இழுத்தாரா, எவ்வளவு நேரம் வைத்திருந்தார், திணறியதும் பயந்து உள்ளே தள்ளிவிட்டாரா என்று தோண்ட வேண்டும். விமானி காபி குடிக்கப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் அவர் இன்ஸ்ட்ரக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்.

## அறிகுறி 1: த்ராட்டிலைத் தொடவில்லை, ஆர்பிஎம் மெதுவாக இறங்குகிறது

இதழ்களின் கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் ஐஸின் முதல் அடையாளம் இதுதான். இதழ்க் கோணம் தானாக மாறும் கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொப் இருந்தால் ஆர்பிஎம் அசையாது, மேனிஃபோல்டு பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) இறங்கும். பல பேர் இதைக் கவனிப்பதே இல்லை. ஐம்பது ஆர்பிஎம் குறைந்தால் கை தானாக த்ராட்டிலை ஒரு நூல் தள்ளிவிடும். இன்னும் ஐம்பது குறையும், இன்னொரு நூல் தள்ளும். கடைசியில் த்ராட்டில் முட்டும்போதுதான் பிரச்சினை இருப்பதே தெரியும்.

பறக்கும்போது செய்ய வேண்டியது: கார்ப் ஹீட்டை முழுக்க இழுங்கள். பாதி இழுப்பது சில சமயம் நிலைமையை மோசமாக்கும். வறண்ட குளிரில் சும்மா கடந்து போயிருக்கும் ஐஸ் துகள்களை உருக்கி, வேறொரு இடத்தில் மறுபடி உறைய வைக்கும். இழுத்த பிறகு மூன்றில் ஒன்று நடக்கும்.

*ஆர்பிஎம் விழுகிறது, இன்ஜின் திணறுகிறது, பிறகு ஏறுகிறது.* ஐஸ் இருந்தது, உருகிவிட்டது. நடுவில் வரும் அந்தத் திணறல் உருகிய தண்ணீர் இன்ஜினுக்குள் போவதால் வருவது. அரை நிமிடத்தில் தீரலாம், சில நிமிடங்களும் ஆகலாம். பயந்து நாபை உள்ளே தள்ளினால் பாதி உருகிய ஐஸோடு மாட்டிக்கொள்வீர்கள். திணறல் எவ்வளவு மோசமோ, அவ்வளவு அவசியம் அந்த நாப் வெளியே இருப்பது.

*ஆர்பிஎம் விழுந்து அங்கேயே சீராக நிற்கிறது.* ஐஸ் இல்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகி ஆர்பிஎம் கொஞ்சம் குறைவது இயல்பு. நாபை உள்ளே தள்ளிவிட்டு, அறிகுறி 3, 4 பக்கம் போங்கள்.

*ஆர்பிஎம் அசையவே இல்லை.* சூடான காற்றே கார்புரேட்டருக்கு வரவில்லை. அருகில் உள்ள ஏரோட்ரோமில் இறங்குங்கள். அடுத்து அறிகுறி 2.

தரையிலும் ஐஸ் கட்டும். இதை நம்ப மறுக்கிறவர்கள் அதிகம். ஜக்கூர் ஏரிப் பக்கமிருந்து மூட்டம் வரும் காலையில், முன்னால் நான்கு விமானங்கள் வரிசையில் நிற்க, ஐட்லில் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். ரன்-அப்பில் (கிளம்பும் முன் தரையில் செய்யும் இன்ஜின் சோதனை) இதைப் பிடித்துவிடலாம். 1,700 ஆர்பிஎம்மில் வைத்து ஹீட்டை இழுக்கிறீர்கள், 1,620க்கு விழுகிறது என்று வையுங்கள். தள்ளிய பிறகு 1,700க்கே திரும்பினால் சரி. 1,750க்குப் போனால், நீங்கள் 1,700 என்று பார்த்த போதே உள்ளே ஐஸ் இருந்திருக்கிறது. அன்றைக்கு ரன்வேயில் நுழைவதற்குச் சற்று முன்பும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். டேக்-ஆஃப் ரோல் தொடங்கும்போது மட்டும் உள்ளே இருக்க வேண்டும்.

"லைகமிங்ல ஐஸ் வராது" என்று ஒரு பேச்சு உண்டு. லைகமிங்கில் கார்புரேட்டர் எண்ணெய் சம்ப்பின் அடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கும், அந்தச் சூடு ஓரளவு உதவும். கான்டினென்டல் ஓ-200 உள்ள செஸ்னா 150இல் அந்தச் சலுகை கிடையாது, அதனால் அதில் அதிகம் வரும். குறைவாக வரும் என்பதை வராது என்று ஆக்கிவிட்டது யார் என்று தெரியவில்லை. பவரைக் குறைத்து நீண்ட இறக்கம் வந்தால் லைகமிங்கிலும் கட்டும்.

எப்போது ஏஎம்இ: ஐஸ் கட்டி, ஹீட் இழுத்து, சரியாகிவிட்டது என்றால் விமானத்தில் குறை இல்லை. ஆனாலும் டெக் லாகில் (விமானத்தின் குறைப் பதிவேடு) எழுதுங்கள். ஒரே விமானத்தில் மற்றவற்றைவிட அடிக்கடி கட்டுகிறது என்றால் ஹீட்டின் சூடு போதவில்லை என்று அர்த்தம்.

## அறிகுறி 2: ரன்-அப்பில் கார்ப் ஹீட் இழுத்தால் எதுவும் நடக்கவில்லை

இது "பரவாயில்லை, இன்னைக்கு வெயில்தானே" என்று கிளம்பும் விஷயம் இல்லை. ஆர்பிஎம் விழவில்லை என்றால் விமானம் அங்கிருந்தே திரும்ப வேண்டும். சந்தேகத்தை எளிதிலிருந்து விலை அதிகமானது வரை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

கேபிள். நாப் வெளியே வருகிறது, ஆனால் மறுமுனையில் ஒன்றும் அசையவில்லை. மேல் கௌலிங்கை எடுத்துவிட்டு, ஒருவர் உள்ளே நாபை இழுக்க, இன்னொருவர் ஏர்பாக்ஸ் (கார்புரேட்டருக்குக் காற்று போகும் பெட்டி) பக்கம் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் இரண்டு பக்கமும் முட்டும் வரை போகிறதா? கேபிள் பிடிப்பு தளர்ந்து, வெளி உறையே கம்பியோடு சேர்ந்து நகர்வது மிகச் சாதாரணம். நாபில் ஒரு தளர்வு, இழுக்கும்போது பாரமே இல்லாத உணர்வு வந்தால் இதுதான்.

ஏர்பாக்ஸின் உள்ளே இருக்கும் ஃபிளாப். லீவர் முழுக்கத் திரும்புகிறது, ஆனால் ஃபிளாப் அதன் தண்டில் வெட்டுப்பட்டு லூசாக நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஓரத்தில் இருக்கும் சீல் தேய்ந்து போயிருந்தால் குளிர்ந்த காற்றும் கலந்து உள்ளே வரும். அப்போது ஆர்பிஎம் விழும், ஆனால் மிகக் குறைவாக விழும். ஃபிளாப்பின் ஒரு துண்டோ ரிவெட்டோ உடைந்தால் நேராக கார்புரேட்டருக்குள் போய்விடும். அதனால் லூசாக இருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு சார்ட்டி (ஒரு முறை பறந்து வருவது) என்ற பேச்சே கூடாது.

ஹோஸ். எக்ஸாஸ்ட்டைச் சுற்றிய உறையிலிருந்து ஏர்பாக்ஸுக்கு வரும் சுருள் கம்பி ஹோஸ், கிளாம்ப் தளர்ந்து கழன்று கிடக்கும், அல்லது அடியில் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். உள்சுவர் பிரிந்து சுருங்கி, வெளியே பார்க்க நன்றாக இருந்துகொண்டே காற்றை அடைப்பதும் உண்டு. கையால் அமுக்கிப் பார்த்தால் தெரியும்.

எக்ஸாஸ்ட் உறையும் மஃப்ளரும். விலை அதிகமான பகுதி இது. உறைக்குள் மஃப்ளரில் வெடிப்பு இருந்தால் கார்ப் ஹீட் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் புகையே இன்ஜினுக்குள் போகும், ஆர்பிஎம் அளவுக்கு மீறி விழும். பல விமானங்களில் கேபின் ஹீட்டும் இதே பக்கத்திலிருந்து வருகிறது. அதாவது அந்த வெடிப்பு வழியே கார்பன் மோனாக்சைடு காக்பிட்டுக்கு வரும். விமானிக்குத் தலைவலி, கேபினில் எக்ஸாஸ்ட் வாடை என்று சொன்னால் விமானம் அந்த நிமிடத்திலிருந்து நிற்க வேண்டும். பழுது பார்ப்பது முழுக்க ஏஎம்இ வேலை.

இன்னொன்று: ஹீட் இழுக்கும்போது வரும் காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை. பல்லாரி ரோட்டுப் பக்கத்துக் கட்டுமானத் தூசி நமக்குத் தெரிந்ததுதானே. தரையில் சோதனைக்கு வேண்டிய நேரம் மட்டும் இழுத்து வையுங்கள்.

## அறிகுறி 3: சட்டென்று விட்டது, உடனே பிடித்துக்கொண்டது

மெதுவாக இறங்காமல், ஒரு கணம் அடித்துப் போட்டது போல நின்று மறுபடி ஓடினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அதுவும் மழைக்கு அடுத்த நாள் காலை முதல் சார்ட்டியில் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

முதலில் ட்ரெயின், அதாவது அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை வடித்துப் பார்ப்பது. இரண்டு இறக்கை டேங்க்கிலும், அப்புறம் காஸ்கொலேட்டரிலும் (பெட்ரோல் லைனில் உள்ள வடிகட்டிக் கிண்ணம்) எடுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிய உடனே எடுத்தால் பயனில்லை, தண்ணீர் கீழே இறங்க நேரம் கொடுங்கள். இறக்கை நுனியை மெல்ல ஆட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து எடுத்தால் மூலையில் தேங்கியதும் வரும்.

எங்கள் ஹேங்கரில் பெட்ரோல் ஊற்றும் அண்ணன் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். அவர் சாம்பிளைப் பார்க்கும் விதத்தை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஜாரை வானத்துக்கு நேரே பிடிக்க மாட்டார். நீல வானத்துக்கு எதிரே எல்லாமே நீலமாகத்தான் தெரியும். தன் வெள்ளைச் சட்டை ஓரத்தை இழுத்து ஜாருக்குப் பின்னால் வைப்பார். 100எல்எல் (விமானப் பெட்ரோலான அவ்காஸ்) என்றால் இளநீலம், தெளிவு. ஜாரைச் சாய்த்து ஒரு சுற்று சுற்றுவார். அடியில் கண்ணாடிக் குண்டு மாதிரி ஏதாவது உருண்டால் அது தண்ணீர். கடைசியாக மூக்கருகே கொண்டுபோய் முகர்வார், பிறகுதான் தலையாட்டுவார்.

அந்த முகர்வதற்குக் காரணம் உண்டு. ஜார் முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் எல்லைக் கோடு எங்கும் தெரியாது, "சுத்தமா இருக்கு" என்று தோன்றும். நிறமில்லாமல் இருந்தால் ஜாக்கிரதை. ஜெட் ஏ-1 (டர்பைன் எரிபொருள்) கலந்திருந்தாலும் நீலம் வெளுக்கும், மண்ணெண்ணெய் வாடை வரும். டர்பைன் ஹெலிகாப்டர்களும் பக்கத்திலேயே நிற்கும் ஏப்ரனில் இது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அவ்காஸ் ஆவியாகிக் கறை விடாமல் போகும். ஜெட் எரிபொருள் எண்ணெய் வட்டம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். வட்டம் தெரிந்தால் இன்ஜினைத் தொடாதீர்கள், ஏஎம்இயைக் கூப்பிடுங்கள். டேங்க், லைன் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். அதை வைத்து ஏற்கெனவே ஓட்டியிருந்தால் சிலிண்டர் சோதனையும் தேவை.

தண்ணீர் வந்தது, எங்கிருந்து? சுத்தமாக வரும் வரை ட்ரெயின் செய்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, பிரச்சினை முடியவில்லை.

மூடியைப் பாருங்கள். பழைய செஸ்னாக்களில் இறக்கையின் மேல்தோலோடு சமமாகப் பதிந்த மூடி இருக்கும். மேலே மழைநீர் குளமாக நின்று, காய்ந்துபோன ஓ-ரிங் வழியே சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். ஓ-ரிங் மாற்றுவது மலிவான வேலை. இதற்குப் பதிலாகக் குடை போல மேலே நிற்கும் மூடிகளும் உண்டு, வைத்துக்கொண்டால் நிம்மதி. மூடி நன்றாக இருந்தால் டேங்க்கை அரைகுறையாக விட்டு இரவு நிறுத்துகிறீர்களா என்று பாருங்கள். காலி இடத்துக் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகும். எடைக் கணக்கு இடம் கொடுத்தால் மாலையிலேயே நிரப்பிவிடுங்கள். இரண்டும் இல்லை, ஆனால் எல்லா விமானங்களிலும் தண்ணீர் வருகிறது என்றால் பீப்பாயையோ பவுசரையோதான் (எரிபொருள் லாரி) பார்க்க வேண்டும்.

எப்போது ஏஎம்இ: திரும்பத் திரும்ப ட்ரெயின் செய்தும் தண்ணீர் தெரிகிறது, அல்லது சாம்பிளில் துரு, ரப்பர் துகள் வருகிறது என்றால். காஸ்கொலேட்டர் பௌலைக் கழற்றி ஜாலியைச் சுத்தம் செய்து, மறுபடி பூட்டி, ஒழுகலைப் பார்த்துக் கம்பி கட்டுவது அவர் வேலை.

## அறிகுறி 4: நேரம் ஆக ஆகச் சக்தி குறைகிறது, அல்லது ஒரு டேங்க் மட்டும் காலியாகிறது

கிளம்பும்போது நன்றாக இருந்து, அரை மணி நேரம் கழித்து பெட்ரோல் கிடைக்காமல் இன்ஜின் வாடுகிறது என்றால் டேங்க்கின் காற்றுக் குழாயை (வென்ட்) பாருங்கள். பெட்ரோல் இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் செஸ்னா 152 போலப் பம்ப் இல்லாமல், இறக்கையிலிருந்து தானாக இறங்கும் அமைப்பு சட்டென்று தள்ளாடிவிடும்.

நம் ஊரில் அடைப்பது பெரும்பாலும் குளவி. இடது இறக்கையின் அடியில், ஸ்ட்ரட்டுக்கு (இறக்கையைத் தாங்கும் கம்பம்) பின்னால் வரும் அந்தச் சின்னக் குழாய் அதற்கு மண்கூடு கட்ட அளவெடுத்துச் செய்தது. ஓரிரண்டு நாள் பறக்காமல் நின்றாலே கட்டிவிடும். பிட்டோ குழாய்க்கு (வேகமானிக்குக் காற்று எடுப்பது) உறை போட மறக்காதவர்கள் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், மண் இன்னும் உள்ளே போகும். தெரிகிற மண்ணை வெளிப்பக்கமாக எடுங்கள், அதற்கு மேல் ஏஎம்இ.

சோதனை: இறங்கியதும் மூடியை மெல்லத் திறக்கும்போது "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபடுகிறதா? அப்படியானால் வென்ட் அடைத்திருக்கிறது.

ஒரு டேங்க் மட்டும் வேகமாகக் காலியானால், 172இல் டேங்க் செலக்டர் 'BOTH' (இரண்டு டேங்க்கும்) என்ற இடத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தும் ஓரளவு வித்தியாசம் வருவது அந்த அமைப்பின் சுபாவம், கொஞ்சம் பக்கவாட்டில் சறுக்கிப் பறந்தாலே வரும். பெரிய வித்தியாசம் என்றால் வென்ட் குழாய் ஸ்ட்ரட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வளைந்துவிட்டதா என்று பாருங்கள். துணியால் துடைக்கும்போது கை பட்டு வளைவது உண்டு. மூடியில் இருக்கும் வென்ட் வால்வு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதை.

இவை எல்லாம் சரி, ஆனால் பெட்ரோல் போதவில்லை என்றால் ஃப்ளோ சோதனை. கார்புரேட்டருக்கு வரும் லைனைக் கழற்றி, அளவுப் பாத்திரத்தில் பிடித்து நேரம் பார்ப்பது. பம்ப் இல்லாத அமைப்பில் டேக்-ஆஃப் செலவைப் போல 150 சதவீதம் வர வேண்டும், பம்ப் உள்ளதில் 125. திறந்த பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலை. விமானத்துக்கு எர்த் கொடுத்து, வெளியில் வைத்து, ஏஎம்இ மேற்பார்வையில் மட்டும்.

## அறிகுறி 5: ஐட்லில் நின்றுவிடுகிறது, கரும்புகை, கார்புரேட்டர் நனைந்திருக்கிறது

ப்ரைமர் (ஸ்டார்ட் செய்யும் முன் கையால் பெட்ரோல் அடிக்கும் நாப்) பூட்டியிருக்கிறதா? காசில்லாத சோதனை இது. உள்ளே தள்ளித் திருகிப் பூட்டாமல் விட்டால் இன்ஜின் அந்த வழியாகவும் பெட்ரோலை உறிஞ்சும். அதிக பவரில் ஒன்றும் தெரியாது, ஐட்லில் ரிச் ஆகித் தடுமாறும். பூட்டியும் அப்படியே என்றால் ப்ரைமரின் ஓ-ரிங் தேய்ந்திருக்கலாம்.

ஐட்ல் கலவை. இன்ஜின் சூடான பிறகு ஐட்லில் வைத்து, மிக்சரை (பெட்ரோல் அளவைக் குறைக்கும் சிவப்பு நாப்) மெல்ல இழுத்து நிறுத்துங்கள். சாகும் முன் ஆர்பிஎம் லேசாக ஏற வேண்டும். 50க்கு மேல் ஏறினால் ரிச், ஏறாமலே இறங்கினால் லீன் (பெட்ரோல் குறைவு). திருகை ஏஎம்இ திருப்புவார். நீங்கள் எண்ணை மட்டும் எழுதிக்கொடுங்கள்.

ஃப்ளோட்டும் ஊசி வால்வும். நிறுத்தி வைத்த விமானத்தின் மூக்குக்கு அடியில் சொட்டு, ஏர்பாக்ஸ் அடியில் நீலக் கறை என்றால் ஊசியின் இருக்கையில் தூசி மாட்டியிருக்கும், அல்லது ஃப்ளோட் கனத்து மூழ்கியிருக்கும். கார்புரேட்டரைப் பிளந்து பார்க்கும் வேலை. சொட்டு நிற்கும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஸ்டார்ட் செய்யும்போது தீப்பிடித்தால்: ஸ்டார்ட்டரை விடாதீர்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் இன்ஜின் தீயை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மிக்சர் கட்-ஆஃப், பெட்ரோல் வால்வு மூடல், த்ராட்டில் முழுத் திறப்பு, அப்போதும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னத் தீயாக அணைந்துவிட்டாலும் அன்று விமானம் பறக்காது.

## அறிகுறி 6: தரையில் முழு பவர் கொடுத்தும் ஆர்பிஎம் எட்டவில்லை

ஜக்கூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. செஸ்னா கையேடுகள் 3,000 அடிக்கு மேலுள்ள தளங்களில் டேக்-ஆஃபுக்கு முன் முழு த்ராட்டிலில் மிக்சரைக் குறைத்து அதிகபட்ச ஆர்பிஎம் பார்க்கச் சொல்கின்றன. நாம் அந்தக் கோட்டின் மேலேயே குடியிருக்கிறோம். ஏப்ரல் மதியம் 35 டிகிரி என்றால் அடர்த்தி உயரம் (சூட்டில் மெலிந்த காற்று எந்த உயரத்துக் காற்றுக்குச் சமமோ அது) ஆறாயிரம் அடிக்கு அருகே போய்விடும். சென்னையில் படித்து வந்தவர் மிக்சரை முழுக்க உள்ளே வைத்துவிட்டு "இழுக்கல சார்" என்று எழுதுவார். முதல் சோதனை அந்தச் சிவப்பு நாப்.

அதற்குப் பிறகு: கார்ப் ஹீட் ஃபிளாப் முழுக்க மூடாமல் நிற்கிறதா, ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கிறதா, த்ராட்டில் லீவர் கார்புரேட்டரில் முட்டும் வரை போகிறதா. மேக்னட்டோ சோதனையில் 152க்கு 1,700இல் ஒரு பக்கத்துக்கு 125க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50க்கு மேல் போகக் கூடாது. ஆர்பிஎம் மீட்டரே பொய் சொல்கிறதா என்று ஆப்டிகல் டேக்கோமீட்டரால் பார்த்துவிட்டுத்தான் கம்ப்ரஷன், வால்வு, கேம்ஷாஃப்ட் என்று செலவான பக்கம் போக வேண்டும்.

## ரோடாக்ஸும் இன்ஜெக்‌ஷனும்: சுருக்கமாக

மைக்ரோலைட்டில் ரோடாக்ஸ் 912 ஓட்டுகிறவர்கள் பங்க் பெட்ரோலை ஊற்றும் பழக்கம் உண்டு. ரோடாக்ஸ் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரை. இப்போது பங்கில் வருவது 20. சோதனை எளிது: அளவுக்குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கோடு போட்டு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தண்ணீரின் மட்டம் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் ஏறிய அளவு எத்தனால். ஒரு பக்கச் சிலிண்டர்கள் மட்டும் ஐட்லில் குதித்தால் அந்தப் பக்கக் கார்புரேட்டரின் ஃப்ளோட் பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிட்டதா என்று பாருங்கள். அடுத்துத்தான் இரண்டு கார்புரேட்டர்களையும் பாலன்ஸ் செய்வது.

இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கார்புரேட்டர் ஐஸ் இல்லை. அதன் வியாதி, நிறுத்தி அரை மணி நேரம் கழித்துச் சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது. எண்ணெய்க் கதவைத் திறந்து மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்துங்கள், கையேட்டின் ஹாட் ஸ்டார்ட் முறையைப் பின்பற்றுங்கள். கண்டபடி ப்ரைம் செய்து மூழ்கடிக்காதீர்கள்.

## அறிகுறி 7: ஹேங்கரில் எல்லாம் சரி, புகார் மட்டும் திரும்ப வருகிறது

டெக் லாகைப் பின்னோக்கிப் புரட்டி, ஒவ்வொரு புகாருக்கும் எதிரே மாதம், மணி, எந்த நிலையில் என்று பென்சிலில் குறியுங்கள். மழைக்காலக் காலைகள், இறக்கம், சர்க்யூட் (ரன்வேயைச் சுற்றிப் பறப்பது) என்று ஒன்றாகக் கூடினால் ஐஸ். மழை இரவுக்கு அடுத்த முதல் சார்ட்டி என்றால் தண்ணீர். எப்போதும் அரை மணி நேரத்துக்குப் பிறகு என்றால் வென்ட், அல்லது சூடான பிறகு மட்டும் தோற்கும் மேக்னட்டோ காயில் (கம்பிச் சுருள்). இந்தக் காயில் ஐஸ் போலவே ஏமாற்றும். வித்தியாசம் என்னவென்றால் கார்ப் ஹீட்டுக்கு மசியாது, அதே சூட்டில் உடனே மேக்னட்டோ சோதனை செய்தால் மாட்டிக்கொள்ளும். ஆறவிட்டுச் சோதித்தால் தப்பிவிடும்.

ஐஸ் என்று தெரிந்த விமானத்தில் கார்புரேட்டர் காற்று வெப்பமானி வைக்கச் சொல்லி உரிமையாளரிடம் கேட்கலாம். மஞ்சள் பட்டை மைனஸ் 15இலிருந்து பிளஸ் 5 டிகிரி வரை. முள் அதற்குள் நுழைவதைப் பார்த்த பிறகு எந்த விமானியும் நாபை இழுக்க மறப்பதில்லை.

"இன்ஜின் ரஃப்" என்று மட்டும் எழுதப்பட்ட புகாரை நான் இப்போது வாங்குவதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்படி எழுதியிருந்தால் வாங்குவேன்: "காலை 7.10, லேசான தூறல், வெளிவெப்பம் 21, டவுன்விண்டில் 2,300இலிருந்து 2,150க்குத் தானாக இறங்கியது, கார்ப் ஹீட் முழுக்க, 2,050, பத்து விநாடி திணறல், பிறகு 2,250." இதில் கடைசி மூன்று எண்களைப் படித்தாலே போதும், கேபிளும் ஹோஸும் மட்டும் பார்த்துவிட்டு விமானத்தை விட்டுவிடலாம்.